மேகக் கோபுரத்தின் இரண்டாம் பாதி

கடற்கரை ஊர் ஒன்றில் மழை பொய்த்துவிடுகிறது. ஓர் எஞ்சினியர் வந்து ஊர் நடுவே இரும்புக் கோபுரம் எழுப்புகிறார். அதன் உச்சிக்கு மின்சாரம் ஏறியதும், கண்ணுக்கெட்டிய தூரத்து மேகமெல்லாம் மாட்டு மந்தை போல ஊரை நோக்கி வருகிறது. மழை கொட்டுகிறது. போதும் என்று மின்சாரத்தை நிறுத்தினால் மேகம் போக மறுக்கிறது. நாற்பது நாள் ஆகியும் சூரியனைக் காணோம். வருஷங்கள் போகின்றன. சூரியனைப் பார்த்தே இராத குழந்தைகள் பிறக்கிறார்கள். தாய்மார் அவர்களுக்குச் சூரியனை வாயால் சொல்லித் தருகிறார்கள். ஒருத்தி காய்ந்த தோசைக்கல் மாதிரி இருக்கும் என்கிறாள். இன்னொருத்தி மஞ்சள் உருண்டை என்கிறாள். வேறொருத்தி, அதைப் பார்த்தால் தும்மல் வரும் என்கிறாள். குழந்தைகள் சுவரில் கரியால் ஆளுக்கொரு சூரியன் வரைகிறார்கள். சேவல் விளக்கைப் பார்த்துக் கூவுகிறது. கடைசியில் ஒரு நாள் தலைக்கு மேலே பிளவு விழுந்து வெளிச்சம் இறங்குகிறது. பெரியவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ, ஒரு சிறு பெண் மட்டும் அண்ணாந்து பார்த்துக் கேட்கிறாள்: "இந்த விளக்கை யார் அணைப்பார்கள்?"

இந்தக் கதை யார் பெயரில், எந்த மாதம், எத்தனையாம் பக்கத்தில் வந்தது என்று கண்டுபிடிக்க நான் ஓர் ஆவணி மாதம் முழுவதும் அலைந்தேன். வால்நட்சத்திரம் வந்துபோன ஆண்டின் ஆவணி. அவ்வளவு பரபரப்பான மாதம் வேறு உண்டா என்று பழைய தினக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன்; என் கல்யாண மாதம்கூட இரண்டாவதாகத்தான் நிற்கிறது. இதை என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அப்போது நாங்கள் கல்கத்தாவில், பவானிபூர்ச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனி ஒன்றில் எனக்குக் கடிதப் பிரிவில் வேலை. வரும் கடிதத்துக்கு வந்த தேதி, போகும் கடிதத்துக்குப் போன தேதி. இரண்டையும் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் உறையைக் கையிலிருந்து விடுவேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் முதன்முதலாகக் கொய்யாப்பழம் விற்க வந்த நாள்கூட வருஷவாரியாக என் குறிப்பேட்டில் இருக்கும்.

லண்டனிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை கப்பலில் வரும். அதை மூன்று வீடுகள் சேர்ந்து வரவழைத்தோம்: பவானிபூரில் நான், அலிப்பூரில் கலெக்டர் கச்சேரி குமாஸ்தாவான ஒரு நண்பர், டாலிகஞ்சில் பாங்கு உத்தியோகஸ்தரான ஒரு மாமா. மூன்று பேருக்கும் பொறுமை கிடையாது. ஒருவர் படித்து முடிக்கும் வரை மற்ற இருவர் காத்திருப்பதாவது! ஆகவே பத்திரிகை வந்த அன்றே நான் பேனாக்கத்தியால் முதுகுத் தையலைப் பிரித்து இரண்டாக்கிவிடுவேன். முன்பாதி எனக்கு. பின்பாதி அலிப்பூருக்கு. இரண்டு மூன்று வாரத்தில் பாதிகளை மாற்றிக்கொள்வோம். பிறகு இரண்டும் டாலிகஞ்சுக்குப் போகும். மாமா கோணி ஊசியும் சணலும் வைத்துத் திரும்பச் சேர்த்துத் தைப்பார். கல்கத்தாத் தமிழர்கள் எல்லாரும் இப்படித்தான் பத்திரிகை படித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் மூன்று வீட்டார் படித்தோம்.

அதில் மாதம் ஒரு கதையாவது ஆகாயக் கப்பல், செவ்வாய்க் கிரகம், பேசும் யந்திரம் என்று வரும். அந்த வகைக் கதைகளுக்கு இப்போது தனிப் பெயர் வந்துவிட்டது. அன்று நாங்கள் வைத்திருந்த பெயர் 'யந்திரக் கதை'. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என் மனைவி அரிவாள்மணையில் காய் நறுக்க, நான் எதிரே உட்கார்ந்து யந்திரக் கதையை அப்படியே தமிழாக்கிப் படிப்பேன். இங்கிலீஷ் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. எனக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல அலுப்பு. அதனால் கதாநாயகன் எப்போதும் 'எஞ்சினியர்' அல்லது 'டாக்டர்'. ஊர் கடலோரமானால் நாகப்பட்டினம். உள்நாடானால் திருச்சினாப்பள்ளி.

இனி வால்நட்சத்திரம். அந்த வைகாசியில் ஊரெல்லாம் மொட்டை மாடியில் நின்றது. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே மதில். அடுத்த மொட்டை மாடியில் வங்காளிக் குடும்பத்தின் இரண்டாவது மருமகள் நிற்பார். என் மனைவி அவரை அக்கா என்ற பொருளில் திதி என்று அழைப்பாள்; அவருக்கு நான் தாதா, அதாவது அண்ணா. (திதி பேசியதெல்லாம் வங்க மொழியில், நான் தமிழில் தருகிறேன்.) வானத்தைப் பற்றியே பேச்சாக இருந்த அந்த நாட்களில் என் மனைவி இந்த மேகக் கோபுரக் கதையைச் சொல்லியிருக்கிறாள். நாகப்பட்டினத்தில் நடந்த கதையாக.

திதி கதை எழுதுபவர். அதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டின் அதிகாரம் அவருடைய கணவரின் அண்ணன் கையில். அலிப்பூர் நீதிமன்றத்தில் வக்கீல். அவர்கள் வழக்கப்படி, தம்பி மனைவியும் கணவரின் அண்ணனும் நேருக்கு நேர் நிற்கக் கூடாது, பேசவும் கூடாது. வக்கீல் தன் தீர்ப்பைத் தாயாரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "எழுதட்டும். ஆனால் நம் வீட்டிலிருந்து திருட்டுச் சரக்கு வெளியே போனதாக ஒரு பேச்சு வந்தால் அன்றோடு மைக்கூட்டை மூடிவிட வேண்டும்."

ஆவணி பிறந்து ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, திதி ஒரு தபால் கார்டுடன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பொதுவாக மதில் தாண்டி வராதவர்.

"தாதா, இதைப் படியுங்கள்."

மாதப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் எழுதியிருந்தார். 'மதராஸ் தேசத்துக் கதை' என்று நீங்கள் அனுப்பியது நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர், இதில் ஒரு பகுதியை ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்த ஞாபகம் என்கிறார். இங்கிலீஷிலிருந்து எடுத்ததானால் மூலத்தை எழுதுங்கள், தழுவல் என்று போடுகிறோம். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். பாத்ர மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

அவர்களுடைய பாத்ரமும் நம்முடைய ஆவணியும் ஒன்றுதான். எனக்கு இருந்தது இருபத்தாறு நாள்.

"இது உங்கள் ஊர்க் கதை இல்லையா?" என்று திதி என் மனைவியைக் கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஏன்னா, நாகப்பட்டினத்துல கோபுரம் கட்டினது நெஜம் இல்லையா?"

"நாகப்பட்டினத்துல ஏதுடி கோபுரம்? நான் வெச்ச பேரு அது!"

"ஐயோ, நான் எங்க தாய்மாமா ஊருன்னுல்ல சொல்லிட்டேன்!"

நான் வங்க மொழியில் விளக்கியதும் திதி கார்டைத் திரும்ப வாங்கிப் படித்தார். ஊர் வழிக் கதை என்று நம்பி எழுதியவர் இப்போது இங்கிலீஷ் கதையைத் திருடியவர் ஆகப் போகிறார். ஆசிரியர் கேட்பதற்கு முன் வக்கீல் கேட்பார். மூலத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் தழுவல் என்ற மரியாதை கிடைக்கும். மூலம் தெரியவில்லை என்றால் மைக்கூடு மூடப்படும்.

"கவலைப்படாதீர்கள். நான் எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே என் கண் பரணில் இருந்த குறிப்பேட்டு மூட்டைக்குப் போய்விட்டது. வேட்டைக்குப் போகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அன்று மத்தியானமே பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். இரண்டு மணி நேரத்தில் அகப்பட்டது. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆவணி: 'முன்பாதி வந்தது. யந்திரக் கதை, மேகக் கோபுரம், நடுவில் நிற்கிறது.' புரட்டாசி இரண்டாம் ஞாயிறு: 'பின்பாதி வந்தது. அலிப்பூர் நண்பர் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள். மேலட்டை இல்லை. கதை முடிந்தது.' ஐப்பசியில் என் மனைவி பிரசவத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் தாய்வீடு போய்விட்டாள். ஞாயிறு வாசிப்பும் அதோடு நின்று, குழந்தையோடு அவள் திரும்பிய பிறகுதான் தொடங்கியிருக்கிறது. எல்லாம் தேதியோடு இருந்தது. கதையின் பெயரும் எழுதியவர் பெயரும்தான் இல்லை. பெயர்களை விட்டுவிட்டுப் படிப்பவன் பெயரை எழுதியா வைப்பான்?

மாமா தைத்துச் சேர்த்த பழைய இதழ்களெல்லாம் அவருடைய மாப்பிள்ளையோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டன. சரி, மனிதர்களைக் கேட்போம் என்று மறுநாள் மாலை அலிப்பூருக்குப் போனேன். நண்பர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேகக் கோபுரம் என்று ஆரம்பித்ததுமே கையை ஆட்டினார்.

"ஓய், என்ன உளர்றீர்? கோபுரமாவது மேகமாவது! அது நிலக்கரிச் சுரங்கம்."

"சுரங்கமா?"

"சுரங்கந்தான். பூமிக்கு அடியில ஒரு ஊர். தலைமுறையா அங்கயே இருக்கா. கடைசில மேல ஓட்டை விழறது. ஒரு பொண்ணு கேக்கறது, இந்த விளக்கை யார் அணைப்பான்னு. எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியறது பாரும்."

"அந்தப் பெண் கேட்கிறது சரி. அதற்கு முன்னால்? ஆரம்பம் என்ன?"

"ஆரம்பம் யாருக்கு ஓய் தெரியும்? என் தலையெழுத்து, மாசாமாசம் எனக்கு முதல்ல வர்றது பின்பாதி. எங்காத்துல கொலைகாரன் அகப்பட்டு மூணு வாரம் கழிச்சுத்தான் கொலையே நடக்கும்."

புதன்கிழமை டாலிகஞ்சுக்கு டிராமில் போனேன். மாமா பூஜை முடித்துவிட்டு வந்து, நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கோபுரம் உண்டு. மேகம் உண்டு. இடி விழுந்து கோபுரம் சாஞ்சுடும், மேகம் கலைஞ்சுடும், எஞ்சினியர் கப்பலேறி ஓடிப் போயிடுவான். அவ்வளவுதான்."

"குழந்தை மாமா? சூரியனைப் பார்க்காத குழந்தை?"

"குழந்தையும் கிடையாது, கொழுக்கட்டையும் கிடையாது. நான் கையால தைச்ச பத்திரிகைடா அது."

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன்: 'சாட்சி ஒன்று, ஞாபகப் பிசகு. சாட்சி இரண்டு, ஞாபகப் பிசகு.' என் மனைவி விளக்கைத் துடைத்துக்கொண்டே என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"மூணு பேர் மூணு விதமாச் சொன்னா, அவா ரெண்டு பேரும்தான் தப்புன்னு எப்படி முடிவு பண்ணினேள்?"

"நான் எழுதி வெச்சிருக்கேன்."

"கதையையா?"

"தேதியை."

"அப்போ தேதி சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரியை வெட்டப் போய்விட்டாள்.

பத்திரிகையின் பழைய தொகுதிகள் ஆற்றோரத்துப் பெரிய நூலகத்தில் இருந்தன. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் ஆபீஸ். முதல் சனிக்கிழமை ஒன்றரை மணிக்கே போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சேவகர் திரும்பி வந்து, அந்த வருஷத் தொகுதியை வேறொருவர் எடுத்திருக்கிறார் என்று ஜன்னலோர மேஜையைக் காட்டினார். அங்கே ஒரு வங்காளிப் பெரியவர், வெள்ளைச் சால்வையோடு, தொகுதியின் மேல் முழங்கையை ஊன்றி, கையில் தலையைத் தாங்கி உறங்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். இருமினேன். நாற்காலியை இழுத்தேன். என் கதை அவருடைய முழங்கைக்கு அடியில் ஒரு முழ தூரத்தில் இருந்தது. எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. மூடும் மணி அடித்ததும் விழித்து, என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, "நல்ல காற்று வருகிறது இங்கே" என்று சொல்லிப் போனார்.

இரண்டாம் சனிக்கிழமை ஆபீஸ் தபால் நாள். ஐந்து மணி வரை விடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மழை. பெருமழை என்றால் கல்கத்தாவில் தெரு வாய்க்காலாகிவிடும். டிராம் வண்டிகள் நடு வழியில் வரிசையாக நின்றுவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜோடு ஒரு கையிலும் குடை ஒரு கையிலுமாக முழங்கால் தண்ணீரில் நடந்தேன். நூலகம் போய்ச் சேரும்போது மூடுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. பதில் போய்ச் சேர வேண்டிய கெடு வருகிற வெள்ளிக்கிழமை. இன்னொரு சனிக்கிழமை கிடையாது.

தொகுதி கிடைத்தது. பெரியவர் அன்றும் ஜன்னலோரம் இருந்தார், வேறு ஏதோ புத்தகத்தின் மேல்.

பத்திரிகை கப்பலில் வர ஒரு மாதம் ஆகும். ஆவணியில் கைக்கு வந்தது அவர்கள் கணக்கில் ஜூலை இதழ். புரட்டினேன். படம் முதலில் தெரிந்தது: இரும்புக் கோபுரம், அதைச் சுற்றிக் கறுப்பு மேகம். ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த வரி. மழை, கொண்டாட்டம், மின்சாரத்தை நிறுத்துதல், நாற்பது நாள். நாற்பதாம் நாளோடு பக்கம் முடிந்தது. திருப்பினேன்.

இடி விழுந்தது. கோபுரம் சாய்ந்தது. எஞ்சினியர் கப்பல் ஏறினார். அரைப் பக்கத்தில் கதை முடிந்துபோயிற்று.

குழந்தை இல்லை. கொழுக்கட்டையும் இல்லை. டாலிகஞ்ச் மாமா சொன்னது வரிக்கு வரி சரி.

மாமா சரி என்றால் அலிப்பூரும் சரியாக இருந்தால் என்ன? பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்தேன். 'அலிப்பூர் நண்பர் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள். மேலட்டை இல்லை.' ஊரிலிருந்து திரும்பிய மறுநாள்! அவர் லீவில் மாயவரம் போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில் அடுத்த மாதத்துப் பின்பாதியும் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். மேஜையில் இரண்டு பின்பாதிகள், இரண்டுக்கும் அட்டை இல்லை. அவர் எனக்கு அனுப்பியது எது?

ஆகஸ்ட் இதழுக்குத் தாவினேன். நாங்கள் தையல் பிரிக்கும் நடு இடத்தைத் தேடி, அதற்கு அடுத்த பக்கத்தைத் திறந்தேன். பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்கியது: அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது முதல் சூரியனைக் கண்டவர்களல்லர் என்று. கீழே ஒரு டாக்டர். ஒரு பிளவு. ஒரு சிறு பெண். விளக்கு.

"இருக்கு! இருக்கு!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

"மஷாய், ஆஸ்தே!" என்று நூலகக் குமாஸ்தா மெதுவாகப் பேசும்படி அதட்டினார். ஜன்னலோரப் பெரியவர் தூக்கி வாரிப்போட்டு எழுந்து, என்ன ஆயிற்று, தீயா என்று கேட்டார். "கதை கிடைத்துவிட்டது ஐயா, இரண்டு கதை!" என்றேன். "இரண்டா? நல்லது" என்று உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பத்திரிகையில் பக்கத் தலைப்பில் கதையின் பெயர் இருக்காது. பத்திரிகையின் பெயரும் பக்க எண்ணும்தான். கதாநாயகர்களுக்குப் பெயர் இல்லாமல் படித்தவனுக்கு, ஒருவர் போய் இன்னொருவர் வந்தது எப்படித் தெரியும்? எஞ்சினியர் திடீரென்று டாக்டரானதையும், மேகத்துக்கு அடியில் இருந்த ஊர் பூமிக்கு அடியில் போனதையும் அன்று நான் மொழிபெயர்ப்பிலேயே சமாளித்திருக்க வேண்டும். ஜூலையின் சரியான பின்பாதி என் கைக்கு வராமலே டாலிகஞ்சுக்குப் போயிருக்கிறது. ஆகஸ்டின் முன்பாதியைப் பிறகு படிக்கலாம் என்று எடுத்து வைத்தவன், ஐப்பசியில் வாசிப்பு நின்றுபோனதும் பிரித்தே பார்க்கவில்லை. பக்க எண்ணை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு பக்க எண்ணைப் பார்க்காமல் நான் எந்தத் தாளையும் புரட்டியதில்லை.

இரண்டு கதைகளின் பெயர், எழுதியவர்கள் பெயர், மாதம், பக்கம் எல்லாம் எழுதிக்கொண்டேன். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அப்போதுதான் தோன்றியது: சுவரில் கரியால் வரைந்த சூரியன்கள் எங்கே?

கோபுரக் கதையைத் திரும்பப் படித்தேன். இல்லை. சுரங்கக் கதையை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அந்தக் குழந்தைகளுக்குச் சூரியன் என்று ஒன்று இருப்பதாகவே யாரும் சொன்னதில்லை. தாய்மார் இல்லை, சேவல் இல்லை, தும்மல் இல்லை. மணி அடித்துவிட்டது.

டிராம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பவானிபூர் வரும் வரை, மூன்றாவது கதை ஒன்று எங்கேயோ இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் மனைவி கூடத்தில் ஈரத் துணிகளைக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்தே எல்லாவற்றையும் கொட்டினேன். கோபுரம் ஒரு கதை, சுரங்கம் ஒரு கதை, தைத்தது நான். "ஆனா நடுவுல இருக்கறது ரெண்டுலயும் இல்லை. சூரியன் தோசைக்கல் மாதிரின்னு வருமே, அது எந்தக் கதையோ தெரியலை" என்றேன்.

அவள் துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தோசைக்கல்லுன்னு எந்த இங்கிலீஷ்காரன் எழுதுவான்? ஆறு வருஷமா இது உங்களுக்குத் தோணவேயில்லையா?"

இங்கிலீஷில் ஏதோ தட்டு என்று இருந்ததை நான்தான் தோசைக்கல்லாக்கினேன் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அந்த மூணு வாரம்" என்றாள்.

முன்பாதி முடிந்து பின்பாதிக்காகக் காத்திருந்த மூன்று வாரம். கல்கத்தாவில் அவளுக்கு அது முதல் மழைக்காலம். வெயிலே இல்லை, கொடியில் போட்ட புடவை ஐந்து நாளாகியும் காயாது. வயிற்றில் குழந்தை. மேகம் போகாத ஊரில் மேற்கொண்டு என்ன நடக்கும் என்று தினமும் சாதம் போடும்போது எனக்குச் சொல்வாள். இப்படி இருக்குமோ, அப்படி இருக்குமோ என்று. நான் சாப்பிட்டுக்கொண்டே ஊம் கொட்டுவேன். பின்பாதி வந்து, சூரியனைக் காணாதவர்கள் என்று அது தொடங்கியதும் அவள் குதித்தாள். தான் சொன்னபடியே கதை போய்விட்டது என்று. அந்தச் சந்தோஷத்தில் அவள் சொன்னதும் அச்சில் வந்ததும் எங்கள் இருவர் மனத்திலும் ஒன்றாகிவிட்டன. குறிப்பேட்டில் அந்த மூன்று வாரத்துக்கு கொய்யாப்பழம், டிராம், தபால் எல்லாம் இருக்கிறது. அவள் சொன்ன ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் ஞாயிறு. திதியிடம் சொன்னோம். அவர் முதலில் பயந்துதான் போனார். ஒரு மூலம் என்றால் எழுதிவிடலாம். இரண்டு மூலம், நடுவே ஒரு மதராஸி, இதை யார் நம்புவார்கள்? கொஞ்ச நேரம் மதிலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"பழைய புடவைகளைச் சேர்த்து வைத்து நாங்கள் காந்தாப் போர்வை தைக்கிறோம். போர்த்திக்கொள்கிறவர் யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. எது யார் புடவை என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லிவிடுகிறேன்."

"என் பேரைப் போடப்படாதுன்னு சொல்லுங்கோ" என்று என் மனைவி என் முழங்கையை இடித்தாள்.

என் குறிப்புத் தாள் முதலில் திதியின் கணவரிடம் போயிற்று, அவரிடமிருந்து வக்கீலிடம். அவர் அதை ஒரு வழக்குக் கட்டைப் போலப் படித்தாராம். பக்க எண்களைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குப் போகிற வழியை விட்டு நூலகத்துக்கே போய்த் தொகுதியை எடுத்துப் பார்த்திருக்கிறார். மாலையில் தாயாரிடம் சொன்னது எங்கள் மாடி வரைக்கும் கேட்டது: "சாட்சியம் சரியாக இருக்கிறது அம்மா. கடிதம் போகட்டும்." செவ்வாய்க்கிழமை திதியின் கணவரே கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பதில் வரவில்லை. துர்கா பூஜை வந்து போயிற்று. நான் தினமும் அடுத்த வீட்டுக்குத் தபால்காரர் வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தபாலில்லாத நாள், வக்கீலே வெளியிலிருந்து பத்திரிகையும் கையுமாக வந்தார்.

நானும் என் மனைவியும் மாடியில் இருந்தோம். கீழே அவர்கள் முற்றத்தில் வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தாயார் எதிரே உட்கார்ந்தார். "அம்மா, உனக்கு ஒரு கதை படிக்கிறேன்" என்று முற்றம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார். அந்த அம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் திதியின் புடவைக் கரை தெரிந்தது.

முதலில் கதைக்கு மேலிருந்த குறிப்பைப் படித்தார். தொடக்கம் இன்ன இங்கிலீஷ் கதையிலிருந்து, முடிவு இன்ன கதையிலிருந்து. இரண்டுக்கும் நடுவே உள்ள வருஷங்கள் எங்கள் பேட்டையில் வசிக்கும் ஒரு மதராஸி பெண்மணியுடையவை. அதன் கீழே திதியின் பெயர், முழுப் பெயர். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு ஒரு முறை தொண்டையைச் செருமினார்.

என் மனைவி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வங்க மொழி அவளுக்குப் பேச வரும், எழுத்து தெரியாது. கோபுரம் எழும்பியது, மேகம் வந்தது, நாற்பது நாள் ஆயிற்று. தாய்மார் வந்தார்கள். திதி தோசைக்கல்லை ரொட்டி சுடும் தாவாவாக மாற்றியிருந்தார். மஞ்சள் உருண்டையும் தும்மலும் அப்படியே இருந்தன. குழந்தைகள் சுவரில் கரியால் வரைந்து முடித்ததும் வக்கீல் நிறுத்தினார். ஒரு தாளைப் பின்னுக்குத் திருப்பினார்.

"அம்மா, இந்த இடத்தை மறுபடி ஒரு முறை படிக்கட்டுமா?"

"படி" என்றார் அந்த அம்மாள்.

அவர் படித்தார். நான் குறிப்பேட்டை எடுக்க உள்ளே திரும்பினேன். "இருங்கோ, எங்க போறேள்?" என்று என் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். நின்று கேட்டேன். அதனால்தான் அன்றைய தேதி மட்டும் என்னிடம் இல்லை.